தொடையிலிருந்து வந்த குதிகால்

நித்யாவின் குதிகாலில் தையல் போட்ட தோல் கறுக்கத் தொடங்கியபோது, அது மருந்தின் கறை என்றுதான் நினைத்தேன். கட்டு மாற்றும்போது பழுப்பு நிறத்தில் ஏதோ தடவுவார்கள். அதுதான் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன். போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். அவள் அழவில்லை, காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கறுப்பைவிட, வலிக்காமல் இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்போது அவளுக்கு ஆறு வயது. நாங்கள் இரும்புலியூரில் இருந்தோம். என் கணவர் வேலைக்குப் போகும் வழியில் அவளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தாம்பரத்தில் உள்ள பள்ளியில் விட்டுவிட்டுப் போவார். ஒருநாள் காலை அவளுடைய வலது கால் பின்சக்கரத்துக் கம்பிகளுக்குள் போய்விட்டது. எலும்பு முறியவில்லை. குதிகாலின் தோல் மட்டும் பின்பக்கமாக உரிந்து, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பக்கத்து நர்சிங் ஹோமில் அதை மூடித் தைத்தார்கள்.

தைத்த மருத்துவர்மேல் எனக்குக் குறை இல்லை. கறுத்த தோலைப் பார்த்ததும் அவரே சொன்னார். "இங்க வெச்சிருக்காதீங்கம்மா. தோல் உரிஞ்சப்போ அடியில இருக்கிற ரத்தக்குழாயெல்லாம் அறுந்துபோச்சு. மேல தைச்சாலும் ரத்தம் வரலைன்னா அது செத்துப்போயிடும். பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மின்சார ரயிலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனோம். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் மூக்கை அழகாக்குவது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். பி.எஸ்ஸி. படித்திருக்கிறேன். ஆனாலும் அவ்வளவுதான் தெரியும்.

பெரிய மருத்துவமனையில் செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் கட்டு மாற்றும்போது ஒருமுறை பார்த்துவிட்டேன். குதிகால் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு மேலே பட்டையாக மின்னிய ஒன்று, கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் என்றார்கள். அது காய்ந்துபோனால் குழந்தை முன்பாதத்தை ஊன்றி நடக்க முடியாது. எலும்பில் சீழ் வைத்தால் பாதமே போகலாம். இதை எங்களிடம் மறைக்காமல் சொன்னார்கள்.

வேறிடத்துத் தோலைச் சீவி எடுத்து ஒட்டலாமே என்று கேட்டேன். அறுவை மருத்துவர் நாற்பது வயதுக்காரர், நிதானமாகப் பேசுவார். தோல் ஒட்டுக்கு (மெல்லியதாகச் சீவி எடுத்த தோல்) சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது, அடியில் இருக்கும் சதையிலிருந்து உறிஞ்சித்தான் அது பிழைக்கும், வெறும் எலும்பின்மேல் அதற்குச் சாப்பாடு கிடைக்காது என்று விளக்கினார். எங்களுக்கு வேண்டியது ஃப்ளாப் (தோலும் கொழுப்பும் அவற்றுக்கு ரத்தம் தரும் குழாயும் சேர்ந்த திசு).

அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பழைய முறை. இடது காலின் தோலைப் பாதி கிளப்பி வலது குதிகாலில் தைத்து, இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பது. மற்றொன்று, தொடையிலிருந்து ஒரு துண்டை ரத்தக்குழாயோடு முழுவதுமாக அறுத்தெடுத்து, நுண்ணோக்கி வைத்துக் கணுக்காலின் குழாய்களோடு இணைப்பது. முதல் முறையில் ஆபத்து குறைவு, ஆனால் ஆறு வயதுக் குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். இரண்டாவதில், இணைத்த குழாய் அடைத்துக்கொண்டால் அத்தனையும் வீண்.

"நீங்க எதைச் சொன்னாலும் தப்பில்லம்மா," என்றார் மருத்துவர். என்னைப் போன்றவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. தப்பு இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

வராந்தாவில் என் கணவரின் அக்கா உட்கார்ந்திருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்கள் குடும்பம் தலைமுறையாக இரும்புலியூர்க்காரர்கள். வயலாக இருந்த இடங்களை மனை போட்டு விற்றவர்கள்.

"ரெண்டு காலையும் ஒண்ணா கட்டிப் போடுவாங்களாமா? இன்னாமா இது, கொயந்தயா, கன்னுக்குட்டியா?" என்றார். "அப்பவே சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம் கட்டினேன். அவுத்து வீசிட்டான் என் தம்பி. அவனுக்குத்தான் சாமியும் கெடையாது, பூதமும் கெடையாதே."

"எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்குமாக்கா?" என்றார் என் கணவர். எப்போதும் சொல்கிற பதில்தான். ஆனால் அன்று அவர் குரலில் கிண்டல் இல்லை.

தொடையையே தேர்ந்தெடுத்தோம். கையெழுத்துப் போட்டது அவர். அன்று முழுவதும், "அந்த இன்னொரு முறையே பரவாயில்லையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது நான்.

அறுவைக்கு முந்தின நாள் மாலை, மருத்துவர் நித்யாவின் இடது தொடையில் படம் வரைந்தார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி ஓரம் வரை ஊதா மையில் ஒரு கோடு. கோட்டின் நடுவில் ஒரு வட்டம். பிறகு பேனா போன்ற ஒரு கருவியை வட்டத்துக்குள் மெதுவாக நகர்த்தினார். அதன் பெயர் டாப்ளர் (ரத்தம் ஓடுவதை ஒலியாகக் கேட்கவைக்கும் கருவி). முதலில் கரகரவென்று இரைச்சல். ஓர் இடத்தில் மட்டும் விட்டுவிட்டு, சர்ர், சர்ர் என்று கேட்டது.

"அம்மா, என் தொடைக்குள்ள யாரோ துணி துவைக்கறாங்க," என்றாள் நித்யா.

"ஆமா. அவங்க வீடு எங்கேன்னுதான் தேடிட்டிருந்தேன்," என்று அந்த இடத்தில் ஒரு சிறிய பெருக்கல் குறி போட்டார்.

அது என்னவென்று கேட்டேன். எந்த ஊர் என்று அவர் திருப்பிக் கேட்டார். சொன்னேன்.

"அப்போ சுலபம். உங்க ஊர் வழியா போற ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி தொடையில ஒரு பெரிய தமனி போகுது (தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்). அதுலேர்ந்து ஆழமா ஒரு கிளை. அந்தக் கிளையிலேர்ந்து தொடை எலும்பைப் பக்கவாட்டுல சுத்திக்கிட்டு இன்னொண்ணு. அதுல ஒரு பிரிவு கீழ்நோக்கி, முன்பக்கத் தசைக்கும் வெளிப்பக்கத் தசைக்கும் நடுவுல இறங்குது. அதுலேர்ந்து சின்னச் சின்னதா மேல வந்து தோலுக்கு ரத்தம் குடுக்கிற குழாய்தான் இது. ரோடு எல்லாருக்கும் ஒரே இடத்துலதான் இருக்கும். வீட்டுக்குத் திரும்பற சந்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சில பேருக்கு ரெண்டு தசைக்கும் நடுவுல வரும். நிறைய பேருக்குத் தசைக்குள்ளயே புகுந்து வரும். ரொம்ப அபூர்வமா, சந்தே இருக்காது."

"இவளுக்கு எப்படி டாக்டர்?"

"திறந்து பார்த்தாதான் தெரியும். சத்தம் இருக்கு. அதனால சந்து இருக்கு."

மறுநாள் காலையில் அறுவை அரங்குக்குள் போன மருத்துவர் பொழுது சாய்ந்துதான் வெளியே வந்தார். குழாய் தசைக்குள் புகுந்து வந்திருந்ததால், இழை இழையாகத் தசையைப் பிரித்து அதை வெளியே எடுக்க வேண்டியிருந்தது என்றார். தமனியை உட்புறக் கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியோடு இணைத்தாயிற்று. ஆனால் அதன் பக்கத்திலேயே ஓடும் சிரைகள் (ரத்தத்தைத் திரும்ப எடுத்துப்போகும் குழாய்கள்) குழந்தைக்கு மிகவும் சன்னமாக இருந்தன. அதனால் தோலுக்குக் கீழேயே காலின் உட்பக்கமாக மேலேறும் நீண்ட சிரையோடு இணைத்திருக்கிறார்கள்.

"ரத்தம் வர்ற வழி ஆழத்துல இருக்கு. போற வழி மேலாப்புல இருக்கு. அதனால கட்டு இறுகக்கூடாது, காலை அழுத்தக்கூடாது. ஞாபகம் வெச்சுக்கோங்க," என்றார்.

நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். பார்க்க வந்த எல்லோரிடமும், "பாதத்தைத் தொடாதீங்க," என்று சொன்னேன். இதைப் படிக்கும் தாய்மார்களுக்காக இந்த வாக்கியத்தை எழுதுகிறேன்: நான் பாதம் என்று சொன்னேன். கால் என்று சொல்லவில்லை.

அறுவைக்குப் பின் நித்யாவின் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். விரல் நுனியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை தடிமனாகப் பஞ்சு சுற்றியிருந்தது. குதிகாலில் மட்டும் ஜன்னல் போல ஓர் இடைவெளி. அதன் வழியாகப் புதிய தோல் தெரியும். சூடு குறையாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு எரியும். செவிலியர் அடிக்கடி வந்து ஜன்னலில் விரலை வைத்து அழுத்தி எடுப்பார். அந்த இடம் வெளுத்து, மெல்லச் சிவக்கும். எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

"வெளுத்தது வெளுத்தபடியே இருந்தாலும் சரி, சிவக்க ரொம்ப நேரம் ஆனாலும் சரி, உடனே என்னைக் கூப்பிடுங்க," என்றார்.

அழுத்துவேன், விரலை எடுப்பேன், காத்திருப்பேன். வெண்மைக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் என் மூச்சு நின்றுவிடும். என் விரல்தான் குழாயை அடைத்துவிடுமோ என்று வேறு பயம். அழுத்தாமல் இருந்தாலும் பயம்.

இரண்டாம் நாள் பிற்பகல் அழுத்தியபோது, விரலை எடுத்தவுடனே சிவப்பு வந்துவிட்டது. காலையில் இருந்ததைவிட வேகம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. பார்வையாளர் நேரம் தொடங்கி அண்ணி வந்திருந்தார்.

"பாருங்க அண்ணி, எவ்ளோ சீக்கிரம் ரத்தம் வருது."

அண்ணி குனிந்து பார்த்தார். "வருதும்மா. ஆனா கலர் இன்னாமா இப்டி கீது? நாவப்பழம் மாரி?"

மஞ்சள் விளக்கின் கீழ் அதுவரை அது எனக்குச் சிவப்பாகவே தெரிந்திருந்தது. விளக்கைத் திருப்பினேன். தோல் ஊதாவாக, இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது. செவிலியரை அழைக்க ஓடினேன்.

பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் வந்து அழுத்திப் பார்த்தார். ஊசி முனையால் லேசாகக் குத்தினார். கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு வந்தது.

"வேகமா வந்தா நல்லதுன்னு நினைச்சேன் டாக்டர்," என்றேன்.

"இல்லம்மா. உள்ள ரத்தம் தேங்கி நிக்குது. அதான் உடனே ரொம்பிடுது. வர்றது வந்துட்டிருக்கு, வெளியே போகல." செவிலியரிடம் திரும்பி, "தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லுங்க. சாருக்கு போன் போடுங்க. அதுக்குள்ள கட்டைப் பிரிக்கிறேன்," என்றார்.

மறுபடி அறுவை என்றால், குழாயைத் திறந்து அடைப்பை எடுப்பார்கள். எடுக்க முடியாமல் போனால் அந்தத் தோலும் போகும். பிறகு எடுக்க இன்னொரு தொடை இருக்கிறது. அதற்கும் பிறகு? நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கத்தரி கீழிருந்து மேலாகப் பஞ்சை வெட்டிக்கொண்டே போனது. எங்கேயும் இறுக்கம் இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, பஞ்சின் மேல் விளிம்புக்கு அடியில், கத்தரி நின்றது. வீங்கிய சதைக்குள் புதைந்து, ஒரு கறுப்புக் கயிறு.

"யாரும்மா இதைக் கட்டினது?"

நான் யோசிக்கவே இல்லை. திரும்பி அண்ணியைப் பார்த்தேன்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கறே?" என்றார் அண்ணி. "நான் கட்டறவ உன்னாண்ட சொல்லிட்டுத்தான் கட்டுவேன். எல்லார் எதிர்லயும் கட்டுவேன். திருட்டுத்தனமா கட்டி எனக்கு இன்னா ஆவணும்?"

மருத்துவர் கயிற்றுக்கு அடியில் கத்தரி முனையை நுழைத்தார்.

"வெட்டாதீங்க," என்றாள் நித்யா. "அப்பா கட்டினது. அம்மாகிட்டயும் அத்தைகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னார்."

கயிறு அறுந்தது. சதையில் அது பதிந்திருந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. மருத்துவர் காலை இன்னும் உயரத் தூக்கிவைத்து, குத்திய இடத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

என் கணவர் மருந்து வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, மேசைமேல் கயிறு கிடந்தது. அதைப் பார்த்தார். பிறகு குழந்தையின் காலைப் பார்த்தார்.

"லூசாத்தான் கட்டினேன் மாலா," என்றார். "ரெண்டு விரல் நுழைஞ்சுது."

"கால் வீங்கும் சார்," என்றார் மருத்துவர். "கயிறு வீங்காது."

என் கணவர் மருந்துப் பையைக் கையிலேயே வைத்திருந்தார். அறுவைக்கு மறுநாள் காலை, நான் சாப்பிடப் போயிருந்தபோது, மருத்துவமனைக்கு எதிரில் இருந்த கோயில் வாசலில் வாங்கிவந்து கட்டியிருக்கிறார். கட்டு முடியும் இடத்துக்கு மேலே, வெறும் காலில்தான் கட்டியிருக்கிறார். பிறகு பஞ்சை மேலே இழுத்துச் சரிசெய்தபோது அது விளிம்புக்குள் போய்விட்டது.

அறுவை மருத்துவர் வருவதற்குள் ஊதா கொஞ்சம் வெளிறியிருந்தது. அவர் ஊசியால் குத்தினார். இந்த முறை வந்த சொட்டு பளிச்சென்று சிவந்திருந்தது. தியேட்டரைத் தயாராகவே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கும்வரை அழுத்துவதும் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு எழுந்தார்.

"தப்பிச்சுது. ஓரத்துல கொஞ்சம் போகும். அதுக்குச் சின்னதா தோல் ஒட்டு போட்டுக்கலாம்." மேசையிலிருந்த கயிற்றை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். "கட்டித்தான் ஆகணும்னா கட்டில் காலுக்குக் கட்டுங்க சார்."

அவர் நிஜமாகவே கட்டினார். நாங்கள் வீடு திரும்பும்வரை கட்டில் காலில் அது இருந்தது. "இனிமே இந்தக் கட்டிலுக்கு ஒரு கண்ணும் படாது," என்று அண்ணி அடுத்த நாள் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. நான் கும்பிட்ட சாமிகளை யாருக்கும் தெரியாமல் கும்பிடவில்லை, அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

அதன்பிறகு நடந்தவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். இடது தொடையில் நீளமான தழும்பு இருக்கிறது. அந்தக் கால் நடப்பதில் குறை இல்லை. குதிகாலில் வைத்த தோல் முதலில் ரொட்டித் துண்டு போல உப்பலாக இருந்தது. செருப்பு சேரவில்லை. பின்னர் இன்னொரு சிறிய அறுவையில் கொழுப்பைக் குறைத்தார்கள். சிறப்புக் காலணி போட்டுக்கொண்டு தாங்கித் தாங்கி நடந்தவள், இப்போது சாதாரணப் பள்ளிச் செருப்பு அணிகிறாள். உள்ளே ஒரு மெத்தை மட்டும் வைக்கிறோம்.

நிறம் மாறவில்லை. பாதத்தின் மற்ற இடங்களைவிட அது வெளுப்பு. வெயில் படாத இடத்துத் தோல் அல்லவா. ஒரு கோடை விடுமுறையில் அண்ணி வீட்டில் தங்கி நன்றாகச் சாப்பிட்டு எடை கூடி வந்தாள். குதிகாலும் கூடியிருந்தது. பயந்து மருத்துவரிடம் ஓடினேன்.

"பாதத்துக்குக் குடிவந்தாலும் அது தொடைதாம்மா. தொடை குண்டானா இதுவும் குண்டாகும்," என்றார்.

உணர்ச்சிதான் முழுதாகத் திரும்பவில்லை. தொடும்போது தொடுவது தெரிகிறது. சூடு தெரியவில்லை, முள் குத்தினால் தெரியவில்லை. ஆகவே பள்ளிவிட்டு வந்ததும் அவள் காலை மடியில் போட்டுக்கொண்டு, கொப்புளம் இருக்கிறதா, கல் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியில் ஒருமுறை அழுத்தி எடுப்பேன். இப்போது அதற்கு அவசியமே இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தத் தோல் சுற்றிலும் வேர்விட்டு, பழைய குழாயை நம்பியிருக்கும் காலமெல்லாம் போய்விட்டதாம். நான் நிறுத்தவில்லை. சமையலறையில் நிற்கும்போது என் கையையே அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரின் புறங்கையைப் பார்த்தால், அடியில் என்னென்ன ஓடுகின்றன, எது எங்கே திரும்புகிறது என்று தோன்றுகிறது.

என் கணவர் அந்தக் குதிகாலைத் தொட்டதே இல்லை. செருப்பு மாட்டிவிட மாட்டார். நித்யா கால் நீட்டிக்கொண்டு படித்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். நானும் எதுவும் சொன்னதில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் கோவளம் போயிருந்தோம். நித்யாவுக்கு இப்போது பத்து வயது. நான் மீன் விலை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் ஓடிவிட்டாள். உச்சி வெயில். கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். படகு நிழலில் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"இடது குதிகால்தான்மா சுட்டுது. வலது குதிகால் சும்மாத்தான் இருந்துச்சு," என்றாள்.

"அதனாலதான்டி செருப்பைக் கழட்டாதேன்னு சொல்றேன்! சுடறது தெரியாம வெந்துபோகும்!"

மணலைத் தட்டிவிட்டு அவள் காலை எடுத்து மடியில் வைக்கப் போனேன். "நானே பார்த்துக்கறேன் விடும்மா," என்று பிடுங்கிக்கொண்டாள். குனிந்து, குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் இல்லை. பிறகு, செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்ற தன் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இங்க வா. எனக்கு எட்டலை. நீ அமுக்கு."

எட்டும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு செருப்புகளைக் கீழே வைத்துவிட்டு மணலில் மண்டியிட்டார். அவள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக் குதிகாலில் வைத்தாள்.

"நல்லா அமுக்குப்பா. வலிக்காது."

அவர் அழுத்தினார். விரலை எடுத்தார். அவர் விரல் இருந்த இடம் வெள்ளையாக நின்றது. உடனே வரக்கூடாது, வராமலும் போகக்கூடாது. நான் வழக்கம்போல் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்தில் அவரும் மூச்சு விடவில்லை.

"வந்துடுச்சா?" என்றார்.

"நீயே பாருப்பா," என்றாள் நித்யா.

வந்துகொண்டிருந்தது.